கேக்குற காது

இதுல ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த பொய்யின்னா எஞ் செருப்பக் கழத்தி எங்கிட்டயே தாங்க, நானே எங் கன்னத்துல அடிச்சுக்கிடுதேன், ஒங்களுக்கு அந்தச் செரமமும் வேண்டாம். பனிமய மாதா சாச்சி, கடல்ல கெடக்க அம்புட்டு மீனும் சாச்சி. மீனு வாயத் தொறந்து இல்லன்னு சொல்லாதுங்குற தைரியத்துல சொல்லுதியோன்னு எவனாவது கேட்டான்னா அவனுக்கு இந்தக் கத கெடையாது, எந்திரிச்சுப் போயி டிவி பாக்கட்டும். மத்தவுக காதக் கொடஞ்சு சுத்தம் பண்ணிக்கிட்டு ஒக்காருங்க. தூத்துக்குடிக்காரன் தஸ்நேவிஸு, வெள்ளக்காரனுவ ஊரு சுத்திப் பாக்குத பெரிய உல்லாசக் கப்பல்ல மீன் வெட்டுத வேல பாக்குதவன், அந்தக் கரீபியன் தீவுல கப்பலக் கட்டுன அன்னைக்குக் காலம்பற, தங்கச்சி மாப்ள ஜெரால்டக் கொல்லணும்னு முடிவெடுத்துத்தான் கரையெறங்குனான்.

கொல்லப்போறவன் கையில கத்தி இல்ல, அதுலயே பாதி மானம் போச்சு. விடியமுன்ன இருந்து அவங் கையில கத்தியத் தவர வேற ஒண்ணுமே இல்ல, தோலு உரிக்க ஒண்ணு, முள்ளு எடுக்க ஒண்ணு, தலையத் தறிக்க ஒண்ணு, ஐஸுல வரிசையாப் படுத்துக்கெடந்த மீனு ஒவ்வொண்ணுக்கும் ஜெரால்டு மூஞ்சி, அதே முழி, அதே பாதி தொறந்த வாயி, இவன் தலையத் தறிக்க, அடுத்த மீனு வந்து அதே மூஞ்சியோட படுக்க, தறிக்க, படுக்க, ஒரே ஆள எத்தன வாட்டிடா கொல்லுதது, தோளு கழண்டுபோச்சு. ஆனா கத்தியக் கரைக்குக் கொண்டுபோவ முடியாது. எறங்குத படியில நேபாளக்காரன் ஒருத்தன் நின்னு பைய மிசினுக்குள்ள விட்டுப் பாக்கான், ஒரு முள்ளுக்கரண்டி இருந்தாலே மாமியா மாதிரி கேள்வி கேப்பான். சரி, கப்பலுக்குள்ள வெச்சே முடிச்சிரலாம்னா அங்க வேற சட்டம். கைய ஓங்குனவன், அடி வாங்குனவன், ரெண்டு பேத்தையும் அடுத்த தொறமொகத்துல எறக்கி வீட்டுக்கு அனுப்பிருவான், நாயமே கேக்கமாட்டான். வீட்டுக்குன்னா ஜெரால்டும் வீட்டுக்கு. ஜெரால்டு வீட்டுல யாரு இருக்கா? மெற்றில்டா இருக்கா. தங்கச்சி இருக்கா. அடி வாங்குனவகிட்டயே அடிச்சவனப் பார்சல் கட்டி அனுப்பி வெக்கதுக்கா இவன் கைய ஓங்கணும்? அப்பிடி ஓங்கிட்டு, ஏரோப்பிளேன்ல பக்கத்துப் பக்கத்து சீட்டுல ஒக்காந்து, "சோறு எடுத்துக்கிடுங்க மாப்ள"ன்னு சொல்லிக்கிட்டே ஊருக்குப் போவணுமா? அதான் கர. கரையில பாற இருக்கு, தண்ணி இருக்கு, கையி இருக்கு. ஆளு திரும்பி வரலன்னா வரல, அம்புட்டுதான், கடலு என்னைக்கு வாயத் தொறந்து பேசிருக்கு.

"அந்தப் பக்கம் கேக்கலண்ணே, இரு, காத மாத்திக்கிடுதேன்." போன தொறமொகத்துல வெச்சுப் போன் பேசும்போது மெற்றில்டா சொன்னது இம்புட்டுதான். எடது காதுலருந்து வலது காதுக்குப் போன் போற அந்தச் சத்தம், முடி ஒரசுத சத்தம், வளவி மோதுத சத்தம், அதுதான் இவங் காதுக்குள்ள போயி ஒக்காந்துகிட்டு எறங்கமாட்டேங்குது. ஏம்மா கேக்கலன்னான். பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னா. பாத்ரூம்ல வழுக்குனா இடுப்பு போவும், முட்டி போவும், காது எப்பிடிம்மா போவும்னான். அவ வளவிய உருட்டுத சத்தம் கேட்டுச்சு. பெறவு, "அவரு லீவுல வந்திருந்தாருல்லா"ன்னா. மழ பேஞ்சுச்சுல்லா, கரண்டு போச்சுல்லாங்குத மாதிரி ஒரு கொரலு. இவனுக்கு அப்பமே அம்மா ஞாவகம் வந்து தொலச்சுது. அப்பன் அடிச்சா அம்மா கெணத்தடியில வழுக்கிட்டேன்னு சொல்லுவா, அப்பம் வீட்டுல பாத்ரூம் கெடையாது. இப்பம் கப்பல் சம்பாத்தியத்துல பாத்ரூம் கட்டியாச்சு, டைல்ஸு ஒட்டியாச்சு, வழுக்குதது மட்டும் மாறல. அந்த ஜெரால்டு லீவு முடிஞ்சு கப்பல்ல வந்து ஏறும்போது, "மச்சான், ஒங்க தங்கச்சி குடுத்துவிட்டா"ன்னு சிரிச்சிக்கிட்டே ஒரு பொட்டலம் நீட்டுனான். மக்ரூன். முந்திரிப்பருப்பு மக்ரூன், வாயில வெச்சா காணாமப் போவுமே அது. இவன் அம்புட்டையும் தின்னான், ருசிச்சுத் தின்னான், தூளக்கூட உள்ளங்கையில தட்டி நக்குனான். அந்தப் பொட்டலத்துக்கு நூலு சுத்தும்போது அவளுக்கு ஒத்தக் காதுதான். கடக்காரன் என்ன வேணும்னு கேட்டதே அவளுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். இது ஒண்ணுந் தெரியாம இவந் தின்னான். வயித்துல இன்னும் கெடக்கு, கல்லு மாதிரி கெடக்கு, சவத்த வாந்தியெடுத்தாலும் வரமாட்டேங்குது.

"மச்சான், வெயிலு ஏறமுன்ன போயிக் குளிச்சிருவோம், வாங்க வாங்க." துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு முன்ன நடக்கான் ஜெரால்டு. கப்பல்ல அவனுக்கு ரூமு சுத்தம் பண்ணுத வேல, பெட்டு விரிச்சு முடிச்சிட்டு வெள்ளத் துண்ட முறுக்கி மடிச்சு ஒரு அன்னம் செஞ்சு மெத்த மேல வெச்சிட்டு வருவான், கழுத்து வளஞ்சு, எறக்க விரிஞ்சு, வெள்ளக்காரிச்சிய பாத்துப்புட்டு கன்னத்துல கைய வெச்சுக்கிட்டு நிப்பாளுவ. ஆனையும் செய்வான், கொரங்கும் செய்வான். அந்தக் கையிதான். அன்னத்துக்குக் கழுத்து ஒடியாமத் தூக்கி நிறுத்துத அதே கையி. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு வீட்டுல பரிஞ்சு பேசுனது யாரு? இந்தத் தஸ்நேவிஸுதான். "குடிக்கமாட்டான், சீட்டு வெளாடமாட்டான், எங்கூடவே கப்பல்ல இருக்கான், கையி பூ மாதிரி, துண்டுல அன்னமே செய்வான்"னு இவனேதான் சொன்னான், அம்மா படத்துக்கு முன்ன நின்னு சொன்னான். அதுக்கு முன்ன ரெண்டு பேரும் லேய், ஏலன்னுதான் கூப்புட்டுக்கிடுவானுவ, ஒரே ரூமு, மேல்கட்டில் கீழ்க்கட்டில், ஒருத்தஞ் சட்டைய ஒருத்தன் போட்டுக்கிட்டுத் திரிஞ்சவனுவ. கோயில்ல மோதிரம் மாத்துன அந்த நிமிசத்தோட 'லேய்' செத்துப்போச்சு, 'வாங்க மாப்ள' பொறந்துச்சு. பொண்ணு குடுத்த எடம், மரியாத. அந்த எளவு மரியாத நாக்குல எப்பிடி ஒட்டிக்கிட்டுன்னா, இப்பம் கொல்லக் கூட்டிக்கிட்டுப் போறப்பவும், "பாத்து வாங்க மாப்ள, கல்லு கெடக்கு"ன்னுதான் வாயில வருது. கல்லு கெடக்கு. ஆமா, கல்லுதான் கெடக்கு. குனிஞ்சு எடு, பின்னந்தலையில வெய்யி. குனிஞ்சான், எடுத்தான், தொறமொகத்துப் பொம்பள ஒருத்தி மேளத்துக்கு ஆடிக்கிட்டே வந்து இவங் கழுத்துல ஒரு பாசிமாலையப் போட்டுட்டா. கையில கல்லு, கழுத்துல மால. கெடா வெட்டுக்குப் போற கெடா மாதிரி இவன் நிக்கான். வெட்டப்போறவன் இவனாம்.

வெயிலு தலையில ஆணி அடிக்குது. வெள்ளக்காரனுவ பாதி வெந்த எறா மாதிரி செவந்துபோயித் திரியுதானுவ. அந்தப் பக்கத்துல முக்காவாசித் தீவுக்குப் புனிதர் பேருதான், நம்ம பக்கத்துல தெருவுக்குத் தெரு வெக்க மாதிரி, இந்தத் தீவுக்கு எந்தப் புனிதரோ, அவரு கண்ண மூடிக்கிட்டா நல்லது. பாறையில தள்ளுவோமா. பாற சின்னதா இருக்கு, முட்டி செராய்க்கும், அம்புட்டுதான். தண்ணிக்குள்ள அமுக்குவோமா. ஜெரால்டு நல்லா நீந்துவான், கடக்கரப் பய. கழுத்த நெரிப்போமா. நெரிச்சா மூஞ்சியப் பாக்கணும், மேல்கட்டில்லருந்து தொங்கிக்கிட்டு "லேய், தூங்கிட்டியால"ன்னு கேட்ட மூஞ்சி. பின்னால இருந்து நெரி. பின்னால இருந்து நெரிச்சா மெற்றில்டாவ அவன் முன்னால இருந்து அடிச்சான்லா, அதுக்கு இது சரியாவுமா. எட்டுக்காலு பேய்க்கணவாயக் கல்லுல அடிச்சு மெதுவாக்குவான் இவன் கிச்சன்ல, படார் படார்னு, எண்ணமாட்டான், தொவண்டு தொங்குத வரைக்கும் அடிப்பான். அப்பிடி. அப்பிடி அடிக்கணும்னு நெனைக்கும்போதே உள்ளங்கை குறுகுறுங்குது, அந்தக் குறுகுறுப்பு புடிச்சிருக்கு, புடிச்சிருக்குன்னு தெரிஞ்சதும் கையில இருந்த கல்லக் கீழ போட்டான், ஏன்னா இந்தக் குறுகுறுப்பு அப்பனுக்கும் இருந்திருக்கும், ஜெரால்டுக்கும் இருந்திருக்கும், ஒரே கடயில வாங்குன சரக்குதான.

கடக்கரைக்கு வந்துட்டானுவ. காசு வாங்காத கர, கப்பல் வேலக்காரனுவளுக்குன்னு விட்ட மாதிரி ஒரு ஓரம். ஊருக்காரனுவ அம்புட்டுப் பேரும் வெயில்ல வேவுதானுவ, இல்லன்னா தென்ன மரத்துக் காக்காவாசி நெழல்ல நெருக்கியடிச்சுக்கிட்டுக் கெடக்கானுவ. தள்ளிப்போயி ஒரு மரம், கொட பிடிச்ச மாதிரி பச்சப்பசேல்னு, அம்மாம்பெரிய நெழலு, ஒரு நாயி கூட அங்க இல்ல. மரத்து இடுப்புல செவப்பு பெயிண்டுல ஒரு வளையம். ஜெரால்டு பாத்தான், சிரிச்சான். "ஏ மச்சான், பாத்தியளா, நம்ம ஊரு ஹைவேக்காரன் இங்கன வரைக்கும் வந்து மரத்துக்குப் பட்ட அடிச்சிருக்கான்!" இவனுக்கும் சிரிப்பு வந்துட்டு, அடக்க முடியல. வாஸ்தவந்தான, நெல்லை ரோடு முழுக்க இப்பிடித்தான, புளியமரத்துக்குக் காவியும் வெள்ளையும் அடிச்சு இடுப்புல பட்ட கட்டிவிட்டிருப்பான், பட்ட இருந்தா அது கெவருமெண்டு மரம், எவனும் ஒக்காரலாம், எவனும் கேக்கமாட்டான். "கெவருமெண்டு மரந்தான் மாப்ள, ஒக்காருங்க"ன்னான். ரெண்டு பேரும் துண்ட விரிச்சு ஒக்காந்தானுவ. கீழ காயி உதிந்து கெடக்கு, பச்சயும் மஞ்சளுமா, சின்ன ஆப்பிளு மாதிரி, வாசம் மூக்கத் தூக்குது. கொல்லப்போறவனும் சாவப்போறவனும் ஒரே நெழல்ல ஒக்காந்து சிரிச்சிக்கிட்டு. சிரிக்காதல. எதுக்குச் சிரிச்ச. அவ அந்தப் பக்கம் கேக்கலங்கா, நீ இங்கன அவங்கூட ஒக்காந்து பல்லக் காட்டுத.

எந்திரிச்சான். "இருங்க மாப்ள, இந்தா வாறேன்." கொஞ்சத் தூரத்துல மீன் பொரிச்சு விக்குத ஒருத்தி, ஆளு தேரு மாதிரி இருக்கா, கடைக்குப் பின்னால சங்கு மலையாக் குமிஞ்சு கெடக்கு. நம்ம சங்கு மாதிரி வெள்ள இல்ல, மொரட்டுச் சங்கு, வெளிய முள்ளு முள்ளா, உள்ள ரோஸு. கறிய எடுக்க ஒவ்வொண்ணுலயும் ஒரு ஓட்ட போட்டிருக்கா, கொத்திக் கொத்தி. இவன் ஒண்ணத் தூக்கிப் பாத்தான். நல்ல பாரம். கைக்கு அடக்கமா, கூர்முன வெளிய நீட்டிக்கிட்டு. இதுதான். திருப்பிப் பாத்தா அந்த ரோஸு, மடிப்பு மடிப்பா, உள்ளுக்குள்ள போயி இருட்டா முடியுது, காது. அச்சு அசல் காது. ஓட்ட விழுந்த காது. கீழ வெக்கவும் முடியல, புடிக்கவும் முடியல, அப்பிடி நிக்கயில அந்தத் தேரு இவனப் பாத்துக் கத்துது. "ஏ கப்பல்காரா! ஒங் கூட்டாளியா அங்கன ஒக்காந்திருக்கது? ஒங்க ரெண்டு பேத்துக்கும் கண்ணு அவிஞ்சுபோச்சா? செவப்பு வளையம் தெரியலையா?" அவ பேசுத இங்கிலீசு இவன் கப்பல் இங்கிலீசுக்குப் பாதிதான் புரிஞ்சுது, மீதியக் கையால சொன்னா. வளையம் போட்டிருந்தா கிட்டப் போவாதன்னு அர்த்தமாம். அதோட பாலு பட்டா தோலு வெந்துரும். மழைக்கு ஒதுங்குனா எலையிலருந்து சொட்டுத தண்ணியே பொத்துப்போட வெச்சிரும். காயத் தின்னா மொதல்ல இனிக்கும். பெறவு, தேரு தன் தொண்டைய ரெண்டு கையாலயும் புடிச்சு, நாக்கத் தள்ளி, கண்ணச் சொருகிக் காட்டுனா. "போயி சொல்லு, ஓடு!" "தேங்க்யூ"ன்னான் தஸ்நேவிஸு, சங்கத் திரும்பக் குமியல்ல வெச்சான். ஓடல. நடந்தான்.

நடந்தான். மெதுவா. ஏன்னா இப்பம் கையே வேண்டாம்லா. கத்தி வேண்டாம், கல்லு வேண்டாம், சங்கு வேண்டாம், இந்தப் பாழாப்போன கையி வேண்டாம். மரமே பாத்துக்கிடும். கெவருமெண்டு மரம். வானம் அந்தப் பக்கத்துல கறுத்துக்கிட்டு வருது, மழ வரட்டும், நெழல்ல நல்லா காலு நீட்டிப் படுங்க மாப்ள, நான் கொஞ்சம் கால நனச்சிட்டு வாறேன். எனக்கென்ன தெரியும், நான் வெளியூர்க்காரன், பட்ட அடிச்சிருந்துச்சு, ஒக்காந்தோம். பொய்யே இல்ல, பாதி அப்பிடியே நெசம். இந்தா, ஜெரால்டு கையில ஒரு காயி. மோந்து பாக்கான். வேட்டியில தொடைக்க மாதிரி கால்சட்டையில தொடைக்கான். கடிச்சிட்டான். தஸ்நேவிஸு காலு மணல்ல நட்ட மாதிரி நின்னுபோச்சு. கடிச்சிட்டான், மெல்லுதான், கன்னம் உப்புது. "மச்சான், இனிக்கி! ஒங்களுக்கு ஒண்ணு பெருசாப் பாத்துப் பொறுக்கி வெச்சிருக்கேன், இந்தாங்க." கைய நீட்டுதான், அன்னம் செய்யுத கையி, உள்ளங்கையில ஒரு பச்சக் காயி, இருக்கதுலயே பெருசு. பெருசு இவனுக்காம். கம்முனு இரு. ஒண்ணும் செய்யாத. வாய மூடிக்கிட்டு நில்லு, முழுங்கட்டும், முழுங்குனா முடிஞ்சுபோச்சு, நீ ஒண்ணும் பண்ணல, ஒங் கையி சுத்தம். மெற்றில்டாகிட்ட என்ன சொல்லுவ? தெரியாமத் தின்னுட்டாரும்மா. எப்பிடித் தெரியாம, நீ எங்கன இருந்த? நான் தள்ளி இருந்தேம்மா. எம்புட்டுத் தள்ளி? அவ கேப்பா, ஒத்தக் காத வெச்சுக்கிட்டுக் கேப்பா, அவகிட்ட எவன் பொய் சொல்லித் தப்புவான், அவளே பொய் சொன்னவல்லா. என்ன சொல்லுவ? மரத்தடியில வழுக்கிட்டாருன்னு சொல்லுவியா? அம்மா கெணத்தடி. அவ பாத்ரூம். நீ மரத்தடி. குடும்பத்தோட வழுக்குங்க. குடும்பத்தோட வழுக்கி விழுந்து சாவுங்க.

கையி போயிருச்சு. இவன் அனுப்பல, அதுவாப் போச்சு. உள்ளங்கை விரிச்சு, முழு ஒடம்பையும் பின்னால கட்டி, ஜெரால்டோட எடது காதுல எறங்குன அந்த அறையில கடக்கரையில தூங்குன நாயெல்லாம் எந்திரிச்சுட்டு. மென்ன காயி வாயிலருந்து தெறிச்சு மணல்ல விழுந்துச்சு. அது ஒண்ணு காப்பாத்தன்னு வெய்யுங்க. ரெண்டாவது எதுக்கு? மூணாவது எதுக்கு? "மச்சான், என்ன மச்சான்"னு அவன் கைய மறிக்க, மறிச்ச கையோட சேத்து அடிச்சான், முடியப் புடிச்சு இழுத்து மரத்தவிட்டு வெளிய போட்டான், வாய்க்குள்ள வெரலவிட்டு நோண்டுனான், நோண்டிக்கிட்டே அடிச்சான், "துப்புங்க மாப்ள! துப்புங்க!" அந்த நேரத்துலயும் துப்புலன்னு வரல பாத்துக்கிடுங்க, துப்புங்கன்னுதான் வருது, மூக்குல ரத்தம் ஒழுக ஒழுக மரியாதையா அடி. காலப் புடிச்சுத் தரதரன்னு தண்ணிக்கு இழுத்துட்டுப் போனான். தலையத் தண்ணிக்குள்ள அமுக்குனான், தூக்குனான், உப்புத்தண்ணிய வாயில அடிச்சான், திரும்ப அமுக்குனான், கழுவுதானா கொல்லுதானான்னு இவங் கைக்கே தெரியல. ஒரு அமுக்குல தூக்க மறந்துட்டான். தண்ணிக்குள்ள கொமிழி வருது, கையிக்கடியில தல துள்ளுது, துள்ளுது, கொஞ்சமா துள்ளுது, இவங் காதுக்குள்ள வளவி மோதுத சத்தம், காத மாத்திக்கிடுதேன், காத மாத்திக்கிடுதேன். அப்பம்தான் அந்தத் தேரு வந்து இவன் சட்டக்காலரப் புடிச்சுத் தூக்குச்சு, பூனைக்குட்டியத் தூக்குத மாதிரி. "போதும்டா! துப்பிட்டான்டா! ஏன்டா கொல்லுத?" அவ நெசமாவே கேட்டா.

மழ ஊத்துது. தேரு ஒரு டப்பாப் பால ஒடச்சு ஜெரால்டு வாயில ஊத்துனா, கொப்புளிக்க வெச்சா, ஊத்துனா. ஒதடு எலிப்பொறியில மாட்டுன மாதிரி வீங்கிப்போச்சு, தொண்ட அடச்சு கீச்சு கீச்சுன்னு மூச்சு மட்டும் வருது, பேச்சு இல்ல. எடது காதுலருந்து ஒரு கோடு ரத்தம், மழத்தண்ணியோட கலந்து ரோஸா. இவன் உள்ளங்கையும் காய்ச் சாறு பட்டு பப்படம் மாதிரி பொங்கிக்கிட்டு நிக்கு. அவ மரத்தக் காட்டி, வளையத்தக் காட்டி, கழுத்த நெரிக்க மாதிரி காட்டி ஜெரால்டுக்கு வெளக்குனா. அவன் மரத்தப் பாத்தான். மச்சானப் பாத்தான். மொழங்கால்ல நடந்து வந்து தஸ்நேவிஸு காலக் கட்டிக்கிட்டான், அழுவுதான், ரெண்டு கையையும் சேத்துக் கும்புடுதான். உசுரக் காப்பாத்துன தெய்வமாம். ஐயோ, இதுக்கு அவன் செத்தே போயிருக்கலாம். அம்புட்டு அடியும் வீணாப் போச்சே, ஒரு அடி கூட அவளுக்குன்னு போயிச் சேரலையே, எல்லாத்தையும் அவன் நன்றியா வாங்கிப் பையில போட்டுக்கிட்டானே. "ஒன்னியக் காப்பாத்த அடிக்கல"ன்னு சொல்லணும், நெஞ்சுக்குள்ள நிக்கு, வாயில வருது, "எந்திரிங்க மாப்ள"ன்னு மாறிப்போவுது.

தொறமொகத்துச் சொவரு ஓரம், போன் சிக்னலு சும்மா கெடைக்க எடம், கப்பல்காரனுவ ஈ மாதிரி ஒட்டிக்கிட்டுக் கெடப்பானுவ. அங்கன ஒக்கார வெச்சான். கப்பல் நர்சம்மா வரணும். நேபாளக்காரன் குனிஞ்சு பாத்து, "சண்டையா?"ன்னான். ஜெரால்டு தலைய ஆட்டி ஆட்டி இல்லங்கான், தஸ்நேவிஸக் காட்டிக் கும்புடுதான். நேபாளக்காரன் இவனுக்கு ஒரு சல்யூட்டு. இவன் ஜெரால்டு காதுக்கு எட்டாத தூரம் தள்ளிப்போயி, பொங்குன கையால போன எடுத்து ஊருக்கு அடிச்சான். ஒரு மணி அடிக்கதுக்குள்ள மெற்றில்டா எடுத்துட்டா.

"அண்ணே? இரு, காத மாத்திக்கிடுதேன்."

"மாப்ள விசக்காயத் தின்னுட்டாரு."

அந்தப் பக்கம் கதவச் சாத்துத சத்தம். பெறவு, "செத்துட்டாரா?" அழுதா பரவால்ல, பதறுனா பரவால்ல. பஸ்ஸு போயிருச்சான்னு கேக்க மாதிரி கேக்கா.

"இல்ல. நாந்தான் அடிச்சுத் துப்ப வெச்சேன்."

"ஏன்?"

இதே கேள்விய அந்தத் தேரு மாத்திக் கேட்டாள்லா, ஏன்டா கொல்லுதன்னு. ரெண்டுக்கும் இவங்கிட்ட ஒரே பதிலு. "கொல்லத்தாம்மா கூட்டிக்கிட்டுப் போனேன். சும்மா நின்னிருந்தாலே செத்திருப்பாரு. நின்னுக்கிட்டுதான் இருந்தேன். ஒங்கிட்ட வந்து வழுக்கிட்டாருன்னு சொல்லணுமேன்னு நெனச்சேன். அந்தச் சொல்லு வாயில வரல எனக்கு."

"எங்கன அடிச்ச?"

"காதுல."

"எந்தக் காது?"

"எடது."

"கேக்குதா அவருக்கு?"

இவன் திரும்பி வந்து ஜெரால்டுக்கு எடது பக்கமா வெரலச் சொடுக்கிப் பாத்தான். அவன் திரும்பல. "அந்தப் பக்கம் கேக்கல போல."

"பேச்சு?"

"ஒரு வார்த்த வராது. தொண்ட அடச்சுக்கெடக்கு."

"அப்பம் போன அவருகிட்ட குடுண்ணே," மெற்றில்டா சொன்னா. "கேக்குற காதுல வெய்யி."

வெச்சான். வலது காதுல வெச்சுப் புடிச்சுக்கிட்டான், பொத்துப்போன உள்ளங்கை எரிய எரிய. ஜெரால்டு வாயத் தொறந்தான், கீச்சுன்னான், மூடிக்கிட்டான். கல்யாணம் ஆனதுலருந்து அந்த வீட்டுல அவன் பேசுவான், அவ கேப்பா, அதான் மொற. புருசன் பேர அவ வாயால ஒரு நாளும் சொன்னதில்ல, அவரு இவருன்னே காலத்த ஓட்டுனவ. போனுக்கு வெளிய கொஞ்சமாக் கசிஞ்ச மொத வார்த்த தஸ்நேவிஸுக்கும் கேட்டுச்சு. "லேய் ஜெரால்டு." அம்புட்டுதான் கேட்டுச்சு. ஜெரால்டு முழி அப்பிடியே நின்னுபோச்சு, ஐஸுல கெடந்த மீனு முழி. அவ பேசுதா. கத்தல, அழுவல, மளிகக்கடயில சாமான் சொல்லுத மாதிரி ஒவ்வொண்ணா, நிதானமா, நிறுத்தாம பேசுதா. ஜெரால்டு கையி மடியில கெடந்த ஈரத்துண்ட அதுபாட்டுக்கு முறுக்குது, மடிக்கிது, எறக்கைய விரிக்கிது, கழுத்தத் தூக்கி நிறுத்தப் பாக்குது, ஈரத்துண்டுல்லா, கழுத்து நிக்கல, தொங்கி விழுது, நிறுத்துதான், விழுது. கப்பல்ல ஹார்ன் அடிச்சு தீவே அதிருது, அவ அதுக்கும் மேல பேசுதா. கடைசியில ஹார்ன் நின்ன நேரத்துல இன்னும் ஒண்ணு தெளிவாக் கேட்டுச்சு. "பூட்டு மாத்தியாச்சு. வந்து நிக்காத." போனு டொக்குன்னு நின்னுட்டு. ஜெரால்டு, மச்சான் ஏதாவது சொல்லமாட்டானா, இது நெசமில்லன்னு ஒரு வார்த்த சொல்லமாட்டானான்னு பாக்கான். தஸ்நேவிஸு போனத் தொடச்சுப் பையில போட்டான், கழுத்துல கெடந்த பாசிமாலையக் கழத்தி எறிஞ்சான், நாக்க ஒரு வாட்டி வாய்க்குள்ள சொழட்டிப் பாத்தான். எதுவும் ஒட்டல. "எந்திரில," அப்பிடின்னான், "கப்பலு போயிரும்."

கத முடிஞ்சுது, கூலியக் கொண்டாங்க. மக்ரூன், முந்திரிப்பருப்பு போட்டது, தேங்காத் துருவலப் போட்டு ஏமாத்துனா மோந்தே கண்டுபிடிச்சிருவேன். காதுக்கு ஒரு பொட்டலம். ரெண்டு காதாலயும் கேட்டவன் ரெண்டு குடு. இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டவன் மூணு குடு, எம் பேச்சுக்கு வழி விட்டதுக்கு வாடக. காசில்லன்னு நழுவுறவன் நழுவிக்கோ, ஆனா வாசப்படியில மட்டும் வழுக்கிட்டேன்னு சொல்லிக்கிட்டு வந்து நிக்காத, கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்க ஆளு நானில்ல.